ஜி-க்குச் சற்று மேலே

கனீசியஸின் கிற்றார் யாரோடும் சேராது.
ஊர் முழுக்கக் கரண்ட் வந்த பிறகு
கொய்யாத்தோட்டச் சந்தி ட்ரான்ஸ்போமரின் கீழ்
சைக்கிளில் இருந்தபடி ஒற்றைக் கால் ஊன்றி
அதன் உறுமலுக்குச் சுருதி கூட்டியவன் அவன்.
ஜி-க்குச் சற்று மேலே,
எந்தக் கீபோர்ட்டிலும் இல்லாத இடம்.
நான் பேஸ் வாசிக்கிறவள்.
நாலு ஆணியையும் திருகித் திருகி
அங்கே போய்ச் சேர எனக்கு மூன்று மாதம்.

அதற்கு முன் கலியாண வீடுகளில் வாசித்தான்.
மானிப்பாய் மண்டபமொன்றில்
மாப்பிள்ளை வந்திறங்க ஒரே சுரத்தைப் பிடித்து
பதினொரு நிமிடம் விடவேயில்லை.
ஸ்பீக்கர் ஊளையிட்டது. நாதஸ்வரக்காரர் எழும்பிப் போனார்.
"வானுக்கும் நீயே குடு" என்று அனுப்பிவிட்டார்கள்.
அந்தப் பதினொரு நிமிடம்தான்
எங்கள் முதல் கசெற்றின் இரண்டாம் பக்கம்.

குருநகரில் மூடிக் கிடந்த ஐஸ் கொம்பனி, ஸ்ரூடியோ.
சுவரெல்லாம் உப்பு. தகரக் கதவைச் சாத்தினால்
ஒரு கைதட்டல் ஏழு தரம் திரும்பி வரும்.
எதிரொலிப் பெட்டி வாங்கக் காசில்லை என்பதை
அவன் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.
"பெட்டிக்குள்ளதானே இருக்கிறம்" என்பான்.

பண்ணைக் கடலுக்குள் மைக் இறக்கவேணுமென்று
ஆஸ்பத்திரி வீதிப் பாமசியில்
ஒரு டசின் ஆணுறை வாங்கினான்,
என்னையும் கூட்டிக்கொண்டு.
கடைக்காரர் அம்மாவுக்குச் சொந்தம்.
மூன்று கிழமை வீட்டில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.
அந்தப் பாட்டில் றால்கள் சொடுக்குப் போடுவது கேட்கும்.
கேட்டவர்கள் மழை என்றார்கள்.

பிறகு மற்றவர்களுக்குத் தயாரிப்பாளன் ஆனான்.
அதாவது, எடுத்துவிடுகிறவன்.
சாவகச்சேரிப் பெடியன் ஒருத்தன்
பதினாறு தடம் நிரப்பிக் கொண்டுவந்தான்;
பன்னிரண்டை அழித்து மிச்சத்தைக் கொடுத்தான்.
பெடியன் அழுதான்.
பிறகு அதை வைத்தே மோட்டார்சைக்கிள் வாங்கினான்.
கனீசியஸுக்கு வந்தது இரண்டு கிலோ நண்டு,
அதிலும் ஒன்று வாசலில் தப்பியோடியது.

அழிப்பதில் அவனுக்கு ஆள் பேதமில்லை.
கடைசி இசைத்தட்டு, நாலாவது பாட்டு.
விரல் தோல் உரிய இரண்டு இரவு வாசித்திருந்தேன்.
முழுவதையும் எடுத்துவிட்டான்.
அட்டையில் மட்டும் இருந்தது:
பேஸ், இ. வதனரூபி.

நான் சண்டை பிடித்தேன்.
ஐஸ் கொம்பனி ஏழு தரம் சண்டை பிடித்தது.
அவன் குனிந்து பொத்தானை அமத்தி
"கேள்" என்றான்.

ட்ரம்ஸ் எதையோ மிதிக்காமல் நடந்தது.
கிற்றார் ஒதுங்கி, ஒருவருமில்லாத ஆளுக்கு வழிவிட்டது.
எல்லோரும் என்னைக் கேட்டுத்தான் வாசித்திருந்தார்கள்;
நானில்லை, அவர்கள் விலகி நின்ற இடம் இருந்தது.
நல்லாய்த்தான் இருந்தது.
அவனிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

நேற்றிரவு கரண்ட் நின்றது.
சந்தி ட்ரான்ஸ்போமர் மூச்சில்லாமல் தொங்கியது.
பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தான்:
"சுருதி துலைஞ்சு போச்சு, ஒருக்காச் சொல்லு."
இருட்டுக்குள் இருந்து வாயை மூடி முனகினேன்,
ஜி-க்குச் சற்று மேலே, மூச்சு முடியுமட்டும்.
"இன்னொருக்கா" என்றான்.
"றெக்கோட் பண்ணுறியோ?"
"இல்லை" என்றான்.
பொய்.