ஆறாவது வரி

பாலத்துக்கு முன்னாலேயே ஜீப் நின்றுவிட்டது.
மீதி வழிக்குக் குதிரை.
அதன் முதுகில் ஒருபக்கம் மூக்குக்கண்ணாடிப் பெட்டி,
மறுபக்கம் எடை சமன்படுத்த
என் ரொட்டியும் இரண்டு கல்லும்.
கடிவாளம் பிடித்து முன்னே போன கெதிசா
திரும்பிப் பாராமலே சொன்னான்:
"எங்கள் ஊருக்கே கல் கொண்டுவருகிற ஆளை
இப்போதுதான் பார்க்கிறேன்."

ஆகஸ்ட்.
மலோட்டி உச்சிகளில் பனி இன்னும் கிடக்கிறது.
கீழே பீச் மரங்களுக்கு அந்தச் சேதி வரவில்லை,
இலைக்குக் காத்திராமல்
மொட்டைக் கொம்பெல்லாம் இளஞ்சிவப்பு.
போன வருடத்துச் சோளத்தட்டையை
நின்றபடி மெல்லும் மாடுகள்.
வாயில் புழுதி. பல்லில் புழுதி.
மசேரு மருத்துவமனையில் தேய்த்து மடித்த என் வெள்ளைக் கோட்டு
மூன்றாவது மேட்டிலேயே
இந்த மண்ணின் நிறத்துக்கு மாறிக்கொண்டது.

தொழுவத்தின் கல்சுவரோரம், காற்று படாத பக்கமாக,
போர்வையை மார்பில் ஊக்கு குத்தி
வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.
எழுத்தட்டையைச் சுவரில் மாட்டினேன்.
"இது எந்தப் பக்கம் பார்க்கிறது?" என்றேன்.
"பல் மூன்றுள்ள சீப்பு," என்றான் இடையப் பையன்,
"என் அக்காவினுடையது இதைவிடப் பெரிது."

அவ்வளவுதான்.
சுவரைச் சுற்றி வந்த காற்று
அட்டையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு
ஓடைப் பள்ளத்தில் இறங்கிவிட்டது.

என்ன செய்ய?
பள்ளத்துக்கு அந்தப்புறம் மாட்செலிசோவின் வீடு.
மூங்கில் கம்பு நட்டிருப்பாள்,
வெள்ளைக் கொடி என்றால் சோள பீர் தயார்,
பச்சை என்றால் கீரை,
சிவப்பு என்றால் ஏதோ ஒரு மாட்டின் கடைசி நாள்.
என் கண்ணுக்குக் கம்பே தெரியவில்லை,
அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.
"அங்கே என்ன கொடி?"

"வெள்ளை."
"வெள்ளை."
"வெள்ளைதான் அம்மா, சந்தேகமென்ன."
லெஃபூவின் இரண்டு கண்ணிலும் பால் திரையிட்டிருந்தது,
அவர் எழுந்தே நின்றார்:
"பளிச்சென்று தெரிகிறது. வெள்ளை.
பரிசோதனை முடிந்ததா?"
பதினோரு பேர்,
பதினோரு கழுகுப் பார்வை.
நோட்டில் எழுதக் கூசியது கை.

காய்ந்த சாண வறட்டி மூட்டையோடு
வழியே போன லிபுவோ நின்றாள்.
"எங்கே கொடி? வெறும் கம்பு.
நேற்று ராத்திரியே பானை காலி.
துவைத்துப் பாறைமேல் காயப்போட்டிருக்கிறாள்,
ஒரு மூலையில் கிழிசல்."

பையனை ஓடவிட்டோம்.
ஈரக் கொடியோடு வந்தான்.
ஒரு மூலையில் கிழிசல்.
பதினோரு பேரும்
தங்கள் காலணிகளை உற்றுப் பார்த்தார்கள்,
அதையாவது சரியாகப் பார்த்தார்கள்.

"உனக்குக் கண்ணாடி வேண்டாம்," என்றேன்.
மூட்டையை இறக்கினாள்.
"தூரம் என் சொல் கேட்கும். கைதான் கேட்பதில்லை.
அவரையில் எது விதை, எது கல்
என்று பல்லைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.
பல்லும் எத்தனை நாள் சொல்லும்?"

இரண்டரை பவர். கறுப்பு ஃபிரேம்.
மாட்டிக்கொண்டு முதலில் உள்ளங்கையைப் பார்த்தாள்,
அது தன்னுடையதுதானா என்பதுபோல.
பிறகு நகம்.
பிறகு கிட்டே வந்து என் முகம்.
"தூங்கு," என்றாள், "இன்றைக்காவது."

லெஃபூவுக்கு அறுவைச்சிகிச்சைச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
தலைகீழாகப் பிடித்து
"வெள்ளை," என்றார்.
இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். அவரும்.

திரும்பும்போது பெட்டி இளைத்திருந்தது,
கெதிசா ஒரு கல்லை எடுத்து வீசினான்.
ஓடையோரக் கற்றாழையில்
என் எழுத்தட்டை குத்திக்கொண்டு நின்றது.
பக்கத்தில் ஒரு வெள்ளாடு,
அவசரமில்லாத வாய்.
ஐந்து வரிகள் மிச்சம்.
ஆறாவதை, யாருமே படிக்காத அந்தப் பொடி வரியை,
அது ருசித்து முடித்திருந்தது.