ஒன்றரை நிமிடம்

பழைய கணினி உப்பால் செத்தது.
கெம்ச்சியில் எல்லாமே உப்பால்தான் சாகும்:
கீல், சைக்கிள் செயின்,
போன மாதம் தேவாலய மணியின் கொக்கி.
மதர்போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்.
சில்லுகளின் காலடியெல்லாம் பச்சைக் களிம்பு.
டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது.

அதற்குள் பதினோரு வருஷத்துச் சிப்பி.
யார் எத்தனை மூட்டை இறக்கினார்கள்,
எந்த வாரம் கடல் சிவந்து அறுவடை நின்றது,
யார் முன்பணம் வாங்கித் திருப்பித் தரவில்லை.
தெல்மிரோ கதவோரம் நின்று கேட்டார்:
“துடைத்துவிட்டுப் புதிதாகவே போட்டால் என்ன, ஒதெத்?”

நீங்களும் சிலோயே தீவுக்காரர்தானே, தெல்மிரோ.
எட்டு ஜோடி மாடு பூட்டி, ஊரே தோள் கொடுத்து,
ஒரு முழு மரவீட்டைக் கட்டைகளின் மேல் உருட்டி
கடலில் இறக்கி மிதக்கவிட்டு
அக்கரையில் ஏற்றியவர்கள் நாம்.
பிரித்துக் கட்டத் தெரியாதா நமக்கு?
தெரியும்.
பிரித்தால் கதவு வேறு மாதிரிச் சாத்தும்.

நான்கு மணி நேரம் நகலெடுத்தேன்.
வெளியே மழை, வழக்கம்போல் குறுக்காக.
ஒளிந்திருக்கும் கோப்புகள், உரிமைகள், தேதிகள்,
எதற்கு யார் சொந்தக்காரர் என்பது உட்பட
ஒன்றும் உதிராமல் போய்ச்சேர வேண்டும்.
திரையில் பெயர்கள் ஓடின. நடுவில் ஒன்று:
‘ரெமிஹியோ_சோதனை_2’.
அதுவும் போனது. வழியில் இறக்கிவிட நான் யார்?

முதல்முறை எழுப்பியபோது கறுப்புத் திரை.
லினக்ஸ் தன்னையே பழைய முகவரியில் தேடிக்கொண்டிருந்தது.
பென்டிரைவ் செருகி உள்ளே போனேன்,
சொந்த வீட்டுக்குள் ஜன்னல் ஏறிக் குதிப்பது போல.
புது முகவரி எழுதினேன்.
புது டிஸ்க்கின் டிரைவரைக்
கர்னல் விழித்ததும் தொடுகிற மூட்டையில் கட்டிவைத்தேன்.
எழுந்தது.
படகுத்துறைத் தராசு மட்டும் பேசவில்லை.
நெட்வொர்க் கார்டுக்குப் பெயர் மாறியிருந்தது;
பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் யார் திரும்புவார்கள்?
திருத்தினேன். எடை வந்தது: 0.00.

அப்புறம்தான் கவனித்தேன்.
எட்டு கோர், இமைப்பதற்குள் படித்துமுடிக்கிற டிஸ்க்,
ஆனாலும் எழும்போது ஓரிடத்தில் நிற்கிறது.
‘காப்பு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது’ என்றொரு வரி.
சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் ஆடுகின்றன.
முப்பது விநாடி. அறுபது. தொண்ணூறு.
பிறகு ஒரு பெருமூச்சுகூட இல்லாமல் மேலே போகிறது.

அந்த டிஸ்க்கை
ரெமிஹியோ கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்
ஆறு வருஷம்.
இந்த லினக்ஸை நிறுவியவனே அவன்தான்.
சங்கக் கணக்கில் சண்டை.
யார் சொன்னது சரி என்று இதில் இருக்கிறது என்றான்.
இருக்கலாம்.
புன்தா அரேனாஸில் நண்டு டப்பா அடைக்கிறானாம் இப்போது.
இங்கே ஒவ்வொரு காலையும்
அவன் திரும்பி வந்து செருகுவான் என்று
ஒன்றரை நிமிடம் நின்றிருக்கிறது இது.
நானோ அந்நேரம் கெட்டிலை ஏற்றி,
மாத்தே இலையைக் கொட்டி,
கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.
கணினி மெதுவானது என்றுதான் நினைத்தேன்.

வரியை அழிக்கவில்லை.
முன்னால் ஒரு # நட்டேன், வேலிக்கால் போல.
வேண்டுமென்றால் பிடுங்கிக்கொள்ளலாம்.

இன்று காலை பொத்தானை அழுத்தினேன்.
ஏழு விநாடி.
பெயர் கேட்கிறது திரை. கர்சர் துடிக்கிறது.
கெட்டில் முனகக்கூடத் தொடங்கவில்லை.
கோட்டோடு நிற்கிறேன்,
தரையெல்லாம் மழை சொட்ட.