வெள்ளைத் துணியைக் காட்டுங்கள்

எனக்கு ரத்தம் ஆகாது.
ஊசி போட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன்
டர்பன் ஆஸ்பத்திரியின் ஏழாம் மாடியில்
கேபிள்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன்.
கோக்ஸ்டாட்டில் ஒரு வயிறு திறந்திருக்கிறது.
இடையில் மூன்று மணி நேரச் சாலை,
மலை, மூடுபனி,
ஒன்றரை நொடித் தாமதம்.

அங்கே கத்தி பிடித்திருப்பவர் டாக்டர் உம்பாம்போ.
இங்கே பேசுகிறவர் டாக்டர் தேவயானி மூட்லி,
அவரைவிட ஒன்பது வயது இளையவர்.
கையுறை போடாத இவர் விரல்கள்
மேசைமேல் காற்றைப் பிரித்துப் பிரித்துக் காட்டுகின்றன.

குடலிறக்கம். பிதுங்கி, இறுகி,
ஒரு சாண் குடல் கன்றிப்போயிருக்கிறது.
வெட்ட வேண்டுமா, உள்ளே விடலாமா?
நிறம்தான் சொல்லும் என்கிறார்.
பிறகு, முதல்முறையாக, என் பக்கம் திரும்பி:
"பூபாலன், இந்தக் கறுப்பு குடலோடதா,
உன் கேமராவோடதா?"

வேலையில் சேர்ந்த அன்று
இப்படியொரு கேள்வி வருமென்று யாரும் சொல்லவில்லை.
"சிஸ்டர், சுத்தமான துணி ஒன்றை
லென்சுக்கு முன்னால் காட்டுங்கள்."
வெள்ளைத் துணி நீலமாக வந்தது.
திருகினேன். நீலம் வடிந்தது.
துணி துணியாயிற்று.
கறுப்பு, கத்தரிப்பூ நிறமாயிற்று.

"வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்துச் சுற்றுங்கள்."
ஐந்து நிமிடம். ஒருவரும் பேசவில்லை.
நான்கு மணிக்கு மின்வெட்டு,
அட்டவணை போட்டு வருகிற எங்கள் நாட்டு மின்வெட்டு.
எங்களுக்கு ஜெனரேட்டர் உண்டு. அவர்களுக்கும் உண்டு.
நடுவில் எங்கோ குன்றின்மேல் நிற்கிற
கோபுரத்துக்கு இல்லை.

படம் உறைந்தது, கத்தரிப்பூ அப்படியே.
குரல் மட்டும் வந்தது,
தகரக் கூரைமேல் யாரோ நடப்பதுபோல.
"டாக்டர், சிவக்கிறது."
"எந்தச் சிவப்பு?"
ஒன்றரை நொடி. இன்னும் ஒன்றரை நொடி.
"காலையில் என் மகள் மருந்து வேண்டாமென்று
நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாள்.
அந்த நிறம்."
"நெளிகிறதா?"
"நெளிகிறது."
உயிரில்லாத திரையைப் பார்த்தபடியே சொன்னார்:
"வெட்டாதீங்க. உள்ளே விடுங்க."

படம் திரும்பியபோது தோலுக்குத் தையல் போய்க்கொண்டிருந்தது.

பதிவில் பதினோரு நிமிடம் அசையாத ஊதா.
மாணவர்களுக்கு உதவாது, வெட்டிவிடு என்றார்கள்.
இன்னும் வெட்டவில்லை.

அன்றிரவு சாட்ஸ்வொர்த்தில் எங்கள் முறை இருட்டு.
பல் தேய்க்கப் போனவன்
கைப்பேசி விளக்கைத் தாடைக்கருகே பிடித்துக்கொண்டு
கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன்.
அந்த விளக்குக்கும்
கொஞ்சம் நீலம் ஜாஸ்தி.