இரண்டு நொடி

பச்சைச் சுவரில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைக் கையால் தொட்டுத்தான்
பதினோரு வருடம் மங்கோலியாவுக்கு
வானிலை சொன்னாள் நொமிந்தாரி.
ஓரத்து மானிட்டரைக் கடைக்கண்ணால் பார்த்தபடி
விரல் வைப்பாள்: ஊவ்ஸ், கோவ்த், தோர்நோத்.
ஒரு மாகாணமும் தப்பியதில்லை.

நான் அவளுக்கு நேரெதிரே, கேமராவுக்குக் கீழே.
பிராம்ப்டர் உருளையைத் திருகுகிறவன்.
அவள் மூச்சு வாங்கினால் நிற்பேன்,
விரைந்தால் விரைவேன்.
வாக்கியத்துக்கும் வாய்க்கும் நடுவே
ஆட்காட்டி விரல் அளவுக்கு
அவள் வாழ்க்கையில் இருந்தேன்.
ஒருமுறை சூயிங்கம் கொடுத்தாள்.

அந்த ஜனவரி,
வானிலை நிலையத்திலிருந்து வந்த தாளில்
மைனஸ் நாற்பத்தாறு.
"முப்பத்தெட்டு போதும்" என்றார் ஆசிரியர் பாட்சாய்கான்.
"நிலக்கரிக்கு வரிசை கட்டிவிடுவார்கள்.
மேலே விரும்பமாட்டார்கள்."
அடித்தேன். என்ன, எட்டு டிகிரி.
எழுத்துப்பிழை அளவுதான்.

ஒப்பனை அறையில் அவள் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறாள்,
எனக்குத் தெரியாது.
அந்த வரிக்கு வந்தாள். நின்றாள்.
இரண்டு நொடி.
நேரலையில் அது
ஒரு ஆளைப் புதைக்கிற நேரம்.
விரலடியில் உருளை வேர்த்தது.
பிறகு, என் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே,
"நாற்பத்தாறு" என்றாள்.
"ஆடுகளை இன்றிரவே அடைத்துவிடுங்கள்" என்றாள்.
அது எந்தத் தாளிலும் இல்லை.

வேலை போனது.
ஓட்டு வந்தது.
கோவ்தில் ஒரு மேய்ப்பன்
கூடாரத்துச் சூரியத் தகட்டின் மேலேயே
அவள் படத்தை ஒட்டினானாம்,
வெயிலை மறைத்துக்கொண்டு.
நாடாளுமன்றம். பிறகு அமைச்சர்,
அதே ஆடுகளுக்கு, அதே புல்லுக்கு.

இந்த மார்ச்சில் மறுபடி
பனி இறுகிப் புல்லைப் பூட்டிவிட்டது.
லாரி லாரியாக விறைத்த கால்கள்.
அவையில் ஒருவர் எழுந்து கேட்டார்,
"எத்தனை செத்தன? ஒரே ஒரு எண் சொல்லுங்கள்."

வாடகை அறையில், சோபாவில் நான்.
அவள் தாளைப் பார்த்தாள்.
நின்றாள்.
எனக்குத் தெரியும் அந்த நிற்றல்.
ஒன்று.
சோபாக் கைப்பிடியில் என் விரல்
தானாகவே நின்று அவளுக்கு இடம் விட்டது.
இரண்டு.

தாளில் இருந்ததைப் படித்தாள்.

நல்ல குரல், மாறவில்லை.
கை மட்டும் பழைய ஞாபகத்தில்
இடப்பக்கம் எழுந்து
காற்றில் ஓரிடத்தைத் தொட்டது.
அங்கே கோவ்த் இருந்திருக்கும்.

அந்தத் தாளை யார் அடித்தது என்று
ராத்திரி முழுக்க யோசித்தேன்.
சின்னப் பையனாக இருப்பான்.
அவனிடமும் யாரோ "போதும்" என்றிருப்பார்கள்.
அவள் நின்றபோது
அவனும் பயந்திருப்பான்.
கொஞ்சம் ஆசைப்பட்டும் இருப்பான்.