மறைக்க வேண்டிய சொற்கள்

வண்ணார்பேட்டை மேம்பாலத்தை ஒட்டிய ஸ்கேன் சென்டர்.
மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க,
ம், விடலாம்.
நாளைக்கு எழுபது பேரிடம் சொல்கிறேன்.
அசையாமல் நின்றால்தான்
எலும்பு தெளிவாக விழும்.

அப்படி நானும் நின்றுவிட்டேன் அன்றைக்கு
டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு.
ரீல்ஸில் ஒரு கை, கையில் அரிவாள், ஒரு பாட்டு,
எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சுவர்.
அந்தச் சுவர் எனக்குத் தெரியும்.
சீதபற்பநல்லூர் போகிற வழியில், பழைய இரும்புக் கடைக்கு அடுத்தது.
அதன் கீழேதான் கொம்பையா கிடந்தான்.
பத்தாம் வகுப்பில் என் ரெக்கார்டு நோட்டில்
தவளை வரைந்து கொடுத்தவன்.

மூன்று விநாடி இருக்கும்.
நான்கு இருக்காது.

போன் நின்றதையெல்லாம்
ஆசை என்று எழுதிக்கொள்கிறது.
சாயங்காலம் பேட்டை பஸ்ஸில் இடம் கிடைப்பதற்குள்
அரிவாள், கொடி, புல்லட்டில் மூன்று மூன்று பேராய் ஊர்வலம்,
பிறந்தநாள் கேக்கை வெட்டும் அரிவாள்,
நெருப்பெழுத்தில் சிங்கம்.
இந்தப் பக்கத்தாரும் வந்தார்கள், அந்தப் பக்கத்தாரும்.
அதற்கு எல்லாம் ஒரே சரக்கு.
பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்,
பிறகு என்னைப் பார்த்தாள்,
பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

ரிசப்ஷன் பியூலாதான் சொன்னாள்:
"ஏட்டி, திட்டிக்கிட்டே பாத்தாலும்
அதுக்குப் பாத்த கணக்குதாம்.
ஆட்டைத் தேடு. முழுசாப் பாரு. லைக் போடு."

ஒரு வாரம் ஆடு பார்த்தேன்.
மேலப்பாளையம் சந்தையில் செவ்வாய்க்கிழமை ஆடு,
கன்னி ஆடு, கொடி ஆடு, பல் போட்டது, போடாதது,
ஆட்டுக்குக் கதை சொல்லும் ராதாபுரத்துக்காரர்.
எட்டாம் நாள் ஒருவன் கிடாய் உரித்துக்கொண்டே
தன் அரிவாளின் பெருமை பேசினான்.
அந்த இடுக்கு வழியாக
அத்தனை பேரும் திரும்ப உள்ளே வந்துவிட்டார்கள்.

அப்புறம்தான் செட்டிங்ஸில், தோண்டத் தோண்ட,
மறைக்க வேண்டிய சொற்கள்
என்று ஒரு கட்டம் அகப்பட்டது.
காலியாக. கர்சர் மட்டும் துடித்துக்கொண்டு.

அரிவாள். கெத்து. வம்சம்.
பிறகு கொம்பையா ஆட்களின் பேர்,
தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷ் எழுத்தில் ஒரு தடவை,
பையன்கள் தப்பாக எழுதுகிற மாதிரி ஒரு தடவை.

பிறகு
எங்கள் பேர்.
அந்தப் பாட்டில் நான்கு முறை வருகிற பேர்.
டி.சி.யில் ஹெட்மாஸ்டர் எழுதியிருக்கிறார்,
சர்டிபிகேட்டில் தாசில்தார்,
கல்யாண போர்டில் பெயிண்டர்.
என் கையால் எழுதுவது இதுதான் முதல்.
இரண்டாம் எழுத்திலேயே
மிச்சத்தைக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தது.

சேர் என்பதை அமுக்கினேன்.
வரிசையில், மற்றவற்றுக்குக் கீழே,
அதே சைஸ் எழுத்தில் போய் உட்கார்ந்தது.

பதினைந்து நாள் கழித்து அத்தை போன்:
"செவ்வந்தி நிச்சயத்துக்குப் பத்திரிகை போட்டிருந்தோம்லா, பாக்கலியா?"
பத்திரிகையில் அந்தப் பேர் இருந்திருக்கும்.
"நெட்டு கெடைக்கல அத்தை" என்றேன்.

இன்னும் ஒன்று பாக்கி.
அவன் பேருக்குக் கீழேதான் இப்போது அவ்வளவும் வருகின்றன,
பழிக்குப் பழி என்று அவர்கள்,
சிரிக்கிற பொம்மை முகமாக எங்களவர்கள்.
அதையும் எழுதிவிட்டால் எல்லாம் அடங்கும்.

கொ என்று அடித்தேன்.
கொய்யா என்றது கீபோர்டு. கொசு என்றது.
கொம்பு வரை வந்தது,
அவனை அதற்குத் தெரியவில்லை.

கொ-வை அழித்தேன்.

இப்போதும் எப்போதாவது வருகிறான், பின்பாட்டோடு.
நிற்காமல் தள்ளிவிடப் பழகியிருக்கிறேன்.
இரண்டு விநாடிக்குள்
சட்டையின் நிறம் வரை பார்த்துவிடலாம்.