ஆகின்

முதல் எழுத்தை நம்பக் கூடாது.
லாகின் என்று நாகர்கோவில் கேட்கும்போது
குலசேகரத்தில் மழை என்றால்
லகரம் வேர்க்கிளம்பிப் பக்கம்
எங்கேயோ கழன்று விழுந்துவிடும்.
அதனால் ஸ்கிரிப்டில் நான் எழுதுவது
ஆகின்.
ஆகின் வரும்வரை காத்திரு.
வந்தால் பெயரைச் சொல்.
நாற்பத்தைந்து நொடியில் வராதாகின்
ஃபோனை வை, மறுபடி கூப்பிடு.

பதினோரு வரி, முந்நூறு ரூபாய்.

ஷீட் கடை ஞானாபரணத்துக்குக்
கோட்டயத்துக் காலை விலை வேண்டும்,
எதிர்க்கடைக்காரனுக்குத் தெரியும் முன்னால்.
பாஸ்வேர்டு சொல்லுங்கள் என்றேன்.
வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.
ஆங்கிலத்தில் எட்டு எழுத்து:
விலாசினி.
தினமும் நீங்களே அடியுங்கள்,
ஸ்கிரிப்டுக்குப் பூட்டு கிடையாது,
திறந்தால் யாரும் வாசிக்கலாம் என்றேன்.
கையெல்லாம் ஷீட்டுப் புகையாக்கும்,
நீயே எழுதிவிடு என்றார்.
ஏழாவது வரியில் எழுதினேன்.

ஆடி மாதம். புளோறன்ஸ் கூப்பிட்டாள்.
அவர் நெய்யூர் ஆஸ்பத்திரியில், ஹெர்னியா.
அவருக்க மிஷினு சத்தம் போடுது,
பிறகு சத்தமில்லாம செத்துப்போவுது.

போனேன். கையாலேயே டயல் செய்தேன்.
மோடம் தொண்டையைக் காறியது.
திரையில் முதலில் குப்பை:
நெளிந்த அடைப்புக்குறிகள், ஒரு டாலர்,
பிறகு தெளிவாக
யூசர்நேம்.

ராத்திரியோடு ராத்திரியாக
யாரோ அங்கே கேள்வியை மாற்றியிருந்தார்கள்.
இங்கே பதில் தயாராக
ஆகின் ஆகின் என்று நின்றுகொண்டிருந்தது.
யார் மேலும் தப்பில்லை.
மீட்டர் மட்டும் ஓடியிருந்தது.

ஐந்தாவது வரியைத் திருத்தினேன்.
முதலெழுத்து போக, சர்நேம்.
பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டிருந்தாள்.
விரல் பேஜ் டவுனுக்குப் போயிற்று.
பதினோரு வரிக்கு ஏது பேஜ் டவுன்.

கடைக் கணக்கு முழுக்க அவள்தான்.
கண்ணாடித் திரையில் விரல் வைத்து
எழுத்தெழுத்தாகப் போனாள்.
வெளியே தராசில் யாரோ
முப்பத்தெட்டே கால் என்று சத்தம் போட்டார்கள்.

இத மிஷினு தானா அனுப்புமா?
ஆமா.
தெனமுமா?
கேக்குற ஒவ்வொரு தடவையும்.

இத மாத்த முடியுமா பிள்ளே?

முடியும். இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும்,
அங்கே ஒன்று, இங்கே ஒன்று.
அலமாரியிலிருந்து பழைய லெட்ஜர் ஒன்றை எடுத்தாள்.
தேடவில்லை, நேராக ஒரு பக்கத்தைத் திறந்தாள்.
பக்க எண், அந்தப் பக்கத்தில் ஒரு தேதி,
ஒற்றை விரலால்
எட்டு இலக்கம் அடித்தாள்.
அது என்ன தேதி என்று நான் கேட்கவில்லை.
முதல் மணியிலேயே நாகர்கோவில் எடுத்தது.
கோட்டயம் முப்பது ஐம்பது.
அதைச் சிலேட்டில் எழுதப் போனாள்.

பத்து நாள் கழித்து
ஞானாபரணம் என் மாடிப்படி ஏறி வந்தார்,
வயிற்றில் ஒரு கை வைத்தபடி.
ஐம்பது ரூபாய் கூலிக்கு நூறு ரூபாய்த் தாள்.
என்ன பிள்ளே மாத்தின?
கேள்வி மாறிப்போச்சு, அதத் திருத்தினேன்.
பதிலு?

மேசைக்குள் சில்லறை தேடினேன்.
நாற்பத்தைந்து நொடி இருக்கும், நின்றார்.
பிறகு மீதி வாங்காமலே
ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.