வெள்ளைக் கோடு

இந்தக் கோட்டை நான்தான் போட்டேன், ஃபாதர்.
திரானாவிலிருந்து உத்தரவு வந்து
பலிபீடத்தைப் பெயர்த்த வாரம்.
எனக்குப் பத்தொன்பது வயது.
பீடம் இருந்த இடத்தில் கூடை கட்டினோம்.
அப்புறம் இருபத்து மூன்று வருஷம்
கோயிலுக்குள் பந்து குதித்தது.

கடவுள் இல்லை என்று
மற்றவர்கள் பயந்து சொன்னார்கள்.
நான் சந்தோஷமாகச் சொன்னேன்.
ஆட்சி விழுந்த பிறகும் சொன்னேன்,
கேட்க ஆளில்லாமல்,
சவரம் செய்துகொண்டே.

பாஷ்க் எங்கள் அணியில் இருந்தான்.
எறிவதற்கு முன்
வியர்வை துடைப்பதுபோல்
நெற்றி, மார்பு,
இடது தோள், வலது தோள்.
பார்த்துவிட்டேன்.
சொல்லியும்விட்டேன்.
செம்புச் சுரங்கத்தில் நான்கு வருஷம்.
திரும்பி வந்தவன்
என்னைக் கண்டால் தொப்பியைத் தொடுவான்.
வேறு ஒன்றும் கேட்கவில்லை,
செத்துப்போகும்வரை.

மார்ச்சில்
உங்கள் வெந்நீர்க் குழாய் பதிக்க வந்தேன்,
கூலிக்குத்தான்.
கம்பளத்தைச் சுருட்டினால், அடியில்
மங்காமல் என் கோடு.
கால் தானாகப் போய் நின்றது.
முட்டி மடிந்தது,
எறிவதற்கு முன் லேசாக மடியுமே, அப்படி.
ஆனால் நிமிரவில்லை.
கை நெற்றிக்குப் போனது.
வியர்வையே இல்லை, ஃபாதர்.
அந்தக் குளிரில் எங்கே வியர்க்கும்?

குழாய்ச் சாவி
இன்னொரு கையில் இருந்தது,
கீழே வைக்கத் தோன்றவில்லை.

எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை.
விசுவாசப் பிரமாணத்தில் பாதி மறந்துவிட்டது.
உங்கள் பிரசங்கம் நீளம்.

சுரண்டி எடுத்துவிடட்டுமா என்று
கோட்டைக் காட்டிக் கேட்டீர்கள்.
வேண்டாம்.
பிறகு நான் எங்கே வந்து நிற்பது?